தடித்த சுவர் உயர் அழுத்தக் கலனில் எஞ்சு தகைவைக் கணிப்பது எப்படி? முதல் தடவை கணக்குப் போடுபவர்களுக்கு

திருச்சி, துவாக்குடி, தஞ்சாவூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் வேலையில் இருப்பவர்களுக்கு எஞ்சு தகைவு (வெளியே பளு எதுவும் இல்லாதபோதும் இரும்புக்குள் தங்கி நிற்கும் தகைவு, ரெசிடுவல் ஸ்ட்ரெஸ்) என்றாலே ஒரே நினைப்புதான் வரும். வெல்டிங் முடிந்ததும் கலனை உலையில் ஏற்றி அதைப் போக்கிவிட வேண்டும். பாய்லர் டிரம், ஹெடர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று வளர்ந்தவர்கள் நாம், அது சரியான பழக்கமும்தான். ஆனால் 3000 பார் தாங்க வேண்டிய தடித்த சுவர்க் கலன் ஒன்று கைக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. அங்கே எஞ்சு தகைவை நாமே வேண்டுமென்று உள்ளே வைக்கிறோம், எவ்வளவு வைத்தோம் என்று எண்ணால் சொல்லவும் வேண்டும். அந்த எண்ணைத்தான் நான் முதல் முறை தப்பாகச் சொன்னேன். மேட்டூர் திறக்கும் சமயத்தில், ஜூன் நடுவில் தொடங்கிய வேலை, சம்பா நடவெல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் வாசலைத் தாண்டியது. உங்களுக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இதன் சூட்சுமம் நம் ஊர் மாட்டு வண்டிச் சக்கரத்தில் இருக்கிறது. வட்டையைவிடச் சற்றுச் சிறியதாக அடித்த இரும்புப் பட்டையை வரட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தில் இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். பட்டையில் இழுவை, மரத்தில் அமுக்கம். நம் கலனில் பட்டையும் மரமும் ஒரே இரும்புத் துண்டுதான். உள்ளே மிக அதிக அழுத்தம் ஏற்றினால் உட்பகுதி நிரந்தரமாக நீண்டுவிடும், வெளிப்பகுதி மீட்சி நிலையிலேயே இருக்கும். அழுத்தத்தை இறக்கியதும் வெளிப்பகுதி பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், உட்பகுதி இடம் தராது. அதனால் உட்சுவர் அமுக்கத்தில் மாட்டிக்கொள்ளும். இதற்குப் பெயர் ஆட்டோஃப்ரெட்டேஜ். பிறகு வேலை அழுத்தம் ஏறும்போது, முதலில் அந்த அமுக்கம் தீர்ந்த பிறகுதான் உட்சுவர் இழுவைக்குப் போகும். விரிசல் தொடங்கும் இடம் பெரும்பாலும் உட்சுவர்தான் என்பதால், கலனின் ஆயுள் இதில் தொங்குகிறது.

1. கணக்குக்கு முன் காகிதங்கள்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் இவை மேசையில் இருக்க வேண்டும்: ஃபோர்ஜிங்கின் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட், அதே ஹீட் நம்பரின் (ஒரே தடவையில் உருக்கிய இரும்புக்கான எண்) ஹீட் ட்ரீட்மென்ட் சார்ட், அல்ட்ராசோனிக் ரிப்போர்ட், கடைசித் திருத்தம் போட்ட டிராயிங், வாடிக்கையாளர் கேட்கும் வேலை அழுத்தமும் சுழற்சி எண்ணிக்கையும். கோடு புத்தகமும் வேண்டும். நம் பக்கம் எல்லோரும் புழங்குவது அமெரிக்க இன்ஜினியர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் அழுத்தக் கலன் விதிநூல், செக்‌ஷன் 8 டிவிஷன் 1. இந்த வேலைக்கு டிவிஷன் 3 பார்க்க வேண்டும், பொதுவாக 10,000 பி.எஸ்.ஐ.க்கு மேலான கலன்களுக்காக எழுதியது அது. அதில் கேடி-5 பகுதி முழுக்க ஆட்டோஃப்ரெட்டேஜ் பற்றியது. முதலில் அதை இரண்டு தடவை படியுங்கள்.

இப்போது நான் சறுக்கிய இடம். டிராயிங்கில் பொருளின் யீல்டு (இரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) குறைந்தபட்சம் 900 மெகாபாஸ்கல் என்று இருந்தது. நான் 900 போட்டே கணக்கை முடித்தேன். சர்டிஃபிகேட்டில் அந்த ஹீட்டுக்கு வந்திருந்த உண்மையான யீல்டு 1010. சாதாரணக் கலனில் குறைந்தபட்ச யீல்டு போடுவது பாதுகாப்பான பக்கம், அப்படித்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கே அது ஆபத்தான பக்கம். இரும்பு நீங்கள் நினைத்ததைவிட வலுவாக இருந்தால் அதே அழுத்தத்தில் குறைவாகத்தான் நெகிழும், அதாவது நிரந்தரமாக நீளும், குறைவான எஞ்சு தகைவுதான் உள்ளே தங்கும். எவ்வளவு குறைந்தது என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

இன்னொன்று: சர்டிஃபிகேட்டில் டெஸ்ட் துண்டு எந்தத் திசையில், எந்த ஆழத்தில் எடுத்தது என்று பாருங்கள். நமக்கு வேண்டியது உட்சுவர் பக்கத்து, வளையத் திசை (சுற்றளவை ஒட்டிய திசை) மதிப்பு. நீளவாக்கில் வெளிப்பக்கம் எடுத்த துண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபோர்ஜிங் ஆர்டர் போடும்போதே கூடுதல் நீளம் கேட்டு வாங்குங்கள். அந்த நீளத்திலிருந்துதான் டெஸ்ட் துண்டுகளும், கடைசியில் அறுத்துப் பார்க்கும் வளையமும் வரும். ஃபோர்ஜிங் வந்த பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.

2. முதலில் கையால் ஒரு கணக்கு

எளிய எண்களோடு போடுவோம். உள் ஆரம் 50 மி.மீ., வெளி ஆரம் 100 மி.மீ., வேலை அழுத்தம் 300 மெகாபாஸ்கல், அதாவது 3000 பார். யீல்டு இப்போதைக்கு 900.

ஆரம் இரண்டு மடங்கு என்பதால், தடித்த சுவருக்கான லாமே சூத்திரப்படி உட்சுவரின் வளையத் தகைவு அழுத்தத்தைப் போல 5/3 மடங்கு: 500 மெகாபாஸ்கல் இழுவை. வெளிச்சுவரில் வெறும் 200. உள்ளே பளு முழுக்க, வெளியே பாதி இரும்பு சும்மா நிற்கிறது. சுவரை இன்னும் தடிப்பாக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆனால் எவ்வளவு தடிப்பாக்கினாலும் உட்சுவர் வளையத் தகைவு வேலை அழுத்தத்துக்குக் கீழே போகவே போகாது. அதனால்தான் ஆட்டோஃப்ரெட்டேஜ்.

இரும்பு எப்போது நெகிழும் என்று சொல்லும் டிரெஸ்கா விதிப்படி உட்சுவர் நெகிழத் தொடங்கும் அழுத்தம் 337.5, சுவர் முழுக்க நெகிழும் அழுத்தம் சுமார் 624 மெகாபாஸ்கல். நாம் கொடுக்கப்போகும் அழுத்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

3. எல்லை ஆரம், அழுத்தம், எஞ்சு தகைவு

நெகிழ்ந்த பகுதி எந்த ஆரம் வரை போக வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும், அதுதான் எல்லை ஆரம். நாம் 70 மி.மீ. என்று வைப்போம், சுவரின் 40 சதவீதம். அதற்கான அழுத்தம்:

அழுத்தம் = யீல்டு × [இயல் மடக்கை (எல்லை ஆரம் ÷ உள் ஆரம்) + ½ × (1 − எல்லை ஆரம்² ÷ வெளி ஆரம்²)]

எண்களைப் போட்டால் 532 மெகாபாஸ்கல். எக்செல்லில் போடுபவர்கள் கவனியுங்கள், இயல் மடக்கைக்கு எல்.என். என்ற கட்டளைதான், எல்.ஓ.ஜி. என்று அடித்தால் பத்தை அடியாகக் கொண்ட மடக்கை வந்து விழும், அழுத்தம் மூன்றில் இரண்டு பங்குக்கு, 361-க்கு இறங்கிவிடும்.

அழுத்தத்தின் உச்சத்தில் உட்சுவர் வளையத் தகைவு = யீல்டு − அழுத்தம் = 368 இழுவை. இறக்கும்போது இரும்பு மீட்சி நிலையில் திரும்புவதாக எடுத்துக்கொண்டால் 532-இன் 5/3 மடங்கு, அதாவது 887 கழிய வேண்டும். மிச்சம் சுமார் 519 மெகாபாஸ்கல் அமுக்கம். இதுதான் நீங்கள் தேடும் எண்ணின் முதல் வடிவம். இதன்மேல் 300 மெகாபாஸ்கல் வேலை அழுத்தத்தின் 500 இழுவை ஏறினால், உட்சுவர் இன்னும் 19 அமுக்கத்தில்தான் நிற்கிறது. மிக அதிகமான வளையத் தகைவு இப்போது 70 மி.மீ. ஆரத்துக்கு நகர்ந்துவிடும்: 131 எஞ்சியது, 304 வேலை அழுத்தத்தால் வந்தது, கூட்டினால் 435.

இனி என் தவறைப் போட்டுப் பாருங்கள். அதே 532 அழுத்தம், யீல்டு 1010. எல்லை 70-க்குப் போகாமல் 62.4 மி.மீ. பக்கத்திலேயே நின்றுவிடும். உட்சுவர் அமுக்கம் 519-க்குப் பதில் 410. வேலை அழுத்தத்தில் உட்சுவர் 90 மெகாபாஸ்கல் இழுவைக்குப் போய்விடுகிறது. தாளில் விரிசலுக்கு இடமே இல்லாத கலன், நிஜத்தில் ஒவ்வொரு சுழற்சியிலும் உட்சுவரை இழுத்துக்கொண்டிருக்கும். 1010 போட்டு 70 மி.மீ.க்குப் போக 597 மெகாபாஸ்கல் வேண்டும்.

டிரெஸ்காவா, நெகிழ்வுக்கான இன்னொரு விதியான வான் மீசஸா என்று கேட்பீர்கள். நெகிழும் அழுத்தத்தில் இரண்டுக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம், முனைகள் மூடியா திறந்தா என்பதைப் பொறுத்தும் மாறும். இரண்டையும் போட்டு, இரண்டுக்கும் நடுவில் உண்மை இருக்கும் என்று வைத்துக்கொண்டு, எஞ்சு தகைவு குறைவாக வரும் பக்கத்தை ஆயுள் கணக்குக்கு எடுங்கள்.

4. பரப்பைக் கழித்துப் பாருங்கள்

ஐந்து நிமிட வேலை, யாரும் செய்வதில்லை. உட்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை எஞ்சிய வளையத் தகைவை வரைபடமாகப் போடுங்கள். அழுத்தம் எதுவும் இல்லாத கலன் தானாக நிற்கிறது என்றால், அமுக்கப் பக்கத்துப் பரப்பும் இழுவைப் பக்கத்துப் பரப்பும் சமமாக வந்தே ஆக வேண்டும். நம் உதாரணத்தில் 50-இலிருந்து ஏறக்குறைய 65 மி.மீ. வரை அமுக்கம், அதற்கு அப்பால் இழுவை, 70-இல் உச்சம், வெளிச்சுவரில் 86. பரப்புகள் ஒத்துப்போகும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ குறி மாறியிருக்கிறது. சாஃப்ட்வேர் கொடுத்த முடிவையும் இப்படியே சோதியுங்கள், அடுத்தவர் அனுப்பிய ரிப்போர்ட்டையும்.

5. பௌஷிங்கர் விளைவு: எல்லோரும் விழும் பள்ளம்

மேலே போட்ட கணக்கில் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. இழுவையில் 900-இல் நெகிழ்ந்த இரும்பு, திரும்பி அமுக்கும்போதும் 900 வரை தாங்கும் என்று நம்பினோம். தாங்காது. ஒரு தடவை இழுத்து நெகிழவைத்த உயர் வலிமை இரும்பு, எதிர்த்திசையில் மிகச் சீக்கிரமே நெகிழத் தொடங்கிவிடும். எவ்வளவு இழுத்தோம் என்பதைப் பொறுத்து இந்த இழப்பு கூடும், சில சதவீத நீட்சிக்குள்ளேயே பெரும்பகுதி இழப்பு நடந்துவிடும்.

நம் கலனில் உட்சுவரின் நீட்சி ஒரு சதவீதத்துக்குள்தான். அந்த அளவு இழுத்த துண்டு அமுக்கத்தில் பாதி யீல்டிலேயே, 450-இல் நெகிழத் தொடங்குகிறது என்று வையுங்கள். அப்போது 519 அமுக்கம் கிடைக்காது, 450-ஐ ஒட்டி நின்றுவிடும். வேலை அழுத்தத்தில் உட்சுவர் 50 இழுவை.

இதற்கு வழி ஒன்றுதான். உங்கள் சொந்த ஹீட்டிலிருந்து துண்டு எடுத்து, லேபில் முதலில் இழுத்து, பிறகு அதே துண்டை அமுக்கி, முழு வளைவரையையும் வாங்குங்கள். சாதாரண டென்சைல் டெஸ்ட் போதாது. ஆர்டரில் "இழுத்து அமுக்கும் சோதனை, ஒரு சதவீத நீட்சி வரை, பிறகு எதிர்த்திசை" என்று தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் உடைத்துவிட்டு யீல்டு, யூடிஎஸ் (அறுபடும் முன் தாங்கும் உச்சத் தகைவு) இரண்டு எண் மட்டும் அனுப்பிவிடுவார்கள். அமுக்கும்போது துண்டு வளையாமல் இருக்க அது குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும், டிராயிங்கை லேபோடு பேசி முடிவு செய்யுங்கள். லேபுக்கு என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா, இந்தச் சோதனைக்கு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

6. எஃப்.இ. மாடல்

கைக்கணக்கு நடுப்பகுதிக்கு மட்டும்தான். திரெட், சீல் பள்ளம், முனை, இவற்றுக்கு எஃப்.இ. (ஃபைனைட் எலிமென்ட், கலனைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் போடும் கணக்கு) வேண்டும். அச்சைச் சுற்றிய மாடல் போதும். ஏற்றுதல், இறக்குதல், வேலை அழுத்தம் என்று மூன்று படி.

இதில் ஒரே பொறி, ஆனால் பெரிய பொறி: பொருள் பக்கத்தில் ஐசோட்ரோபிக் ஹார்டனிங் (இழுவை, அமுக்கம் இரண்டிலும் இரும்பு ஒரே அளவு வலுக்கும் என்ற அனுமானம்) தேர்ந்தெடுத்தால் பௌஷிங்கர் காணாமல் போய்விடும், எஞ்சு தகைவு அழகாகப் பெருத்து வரும். லேப் கொடுத்த வளைவரையைப் பொருத்திய கைனமாட்டிக் (ஒரு திசையில் வலுத்தால் எதிர்த்திசையில் குறையும் என்ற அனுமானம்) அல்லது கலப்பு மாடல் போடுங்கள். முதல் ஓட்டத்தில் மட்டும் நெகிழ்ந்த பின் வலுக்காத எளிய பொருளைப் போட்டு, 519 வருகிறதா என்று கைக்கணக்கோடு ஒத்துப்பாருங்கள். அது வராத மாடலில் மேலே எதையும் ஏற்றாதீர்கள்.

சுவரில் பக்கவாட்டுத் துளை கேட்டால், மறுக்க முடிந்தவரை மறுங்கள். கேஜுக்கும் பம்புக்கும் வழி மூடி வழியாகப் போகட்டும்.

7. வேலை வரிசை, அதாவது யார் எப்போது என்ன செய்யக் கூடாது

முதல் பயம் உலை. அழுத்தி முடித்த மறுநாள் காலை ஷெட்டுக்குள் நுழைகிறேன், கலன் டிராலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. "என்னண்ணே இது?" என்றேன். ஃபோர்மேன் அண்ணன் அக்கறையோடுதான் சொன்னார், "எல்லாம் முடிஞ்சிடுச்சுல்ல தம்பி, ஸ்ட்ரெஸ் ரிலீவ் போட்டு அனுப்பிடலாம்." முப்பது வருஷ அனுபவம் உள்ள மனிதர், அவர் செய்த ஒவ்வொரு பாய்லர் பாகத்துக்கும் அதுதான் சரி. ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருந்தால் அத்தனை உழைப்பும் உலையில் போயிருக்கும். ஆகவே ஆட்டோஃப்ரெட்டேஜுக்குப் பிறகு வெல்டிங் இல்லை, சூடாக்கல் இல்லை, கேஸ் கட்டிங் பக்கத்திலேயே வரக் கூடாது என்று ரூட் கார்டில் (வேலை வரிசைச் சீட்டில்) எழுதுங்கள், கலன் மேலேயே தமிழில் பெயிண்டில் எழுதுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டாவது, கடைசி மெஷினிங். உட்துளையைச் செம்மைப்படுத்த ஆரத்தில் 1 மி.மீ. எடுத்தால், நம் உதாரணத்தில் 519 அமுக்கம் 491-க்கு இறங்கும். அதிகம் எடுத்தால் அதிகம் போகும். அழுத்துவதற்கு முன்பே கிட்டத்தட்ட முழு அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஹோனிங் (கல்லால் மெல்லத் தேய்த்து மெருகேற்றுவது) மட்டும் வையுங்கள். எடுக்கப்போகும் அளவைக் கணக்கிலும் காட்டுங்கள்.

8. அழுத்தும் நாள்

இது விளையாட்டில்லை. 500 மெகாபாஸ்கலுக்கு மேல் திரவமும் சுருங்கும், அதில் சக்தி தேங்கும். துளைக்குள் ஒரு இரும்புத் தண்டைப் போட்டு இடத்தை அடைத்துத் திரவத்தைக் குறையுங்கள், காற்றைச் சுத்தமாக வெளியேற்றுங்கள், சீல் பிய்ந்தால் மூடி போகும் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. கேஜின் கேலிபரேஷன் சான்றிதழ் தேதி தாண்டியிருந்தால் அன்று அழுத்தாதீர்கள், இன்ஸ்பெக்டர் அந்தச் சோதனையையே ஏற்க மாட்டார்.

வெளிச்சுவரில் நடுப்பகுதியில் குறைந்தது மூன்று இடத்தில் வளையத் திசை ஸ்ட்ரெய்ன் கேஜ் (நீட்சியை அளக்கும் சிறு கருவி) ஒட்டுங்கள். நம் உதாரணத்தில் உச்சத்தில் சுமார் 2100 மைக்ரோ ஸ்ட்ரெய்ன் (பத்து லட்சத்தில் 2100 பங்கு நீட்சி) காட்ட வேண்டும், இறக்கிய பின் சுமார் 400 தங்க வேண்டும். எங்களுக்கு இறக்கிய பின் 190-தான் தங்கியது. கேஜ் சரியாக ஒட்டவில்லை என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மூன்றும் ஒரே எண்ணைக் காட்டியபோதுதான் மறுபடி சர்டிஃபிகேட்டை எடுத்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்து, அந்த 1010-ஐப் பார்த்தேன். வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லி, கணக்கைத் திருத்தி, 597-க்கு மறுபடி அழுத்தினோம். இறக்கிய பின் கேஜ் 460-ஐ ஒட்டி வந்து நின்றது.

ஒன்றை மனதில் வையுங்கள்: வெளி கேஜ் சொல்வது நெகிழ்ச்சி எவ்வளவு ஆழம் போனது என்பதை. உட்சுவரில் பௌஷிங்கர் எவ்வளவு தின்றது என்பது அங்கே சரியாகத் தெரியாது.

9. வளையத்தை அறுத்துப் பாருங்கள்

அதற்குத்தான் கூடுதல் நீளம். கலனோடு சேர்த்தே அழுத்தப்பட்ட பகுதியிலிருந்து, சீல் இருந்த முனையை விட்டுத் தள்ளி, ஒரு வளையம் வெட்டுங்கள். சீலுக்கு ஒட்டிய பகுதிக்கு முழு அழுத்தம் போயிருக்காது, அதை வெட்டினால் எண் பொய் சொல்லும். வெட்டுவதும் குளிர்ச்சியாக, கூலன்ட் ஓடவிட்டு.

பிறகு அந்த வளையத்தில் இரண்டு புள்ளி குத்தி, நடுவில் ஒரு பக்கம் மட்டும் ஒயர்கட்டில் (மின்பொறி பாயும் கம்பியால் வெட்டும் மெஷினில்) அறுக்கவும். கம்பி வெளிச்சுவரிலிருந்து உள்ளே போகப் போக ஒன்றும் தெரியாது. கடைசி சில மில்லிமீட்டரில் வளையம் மெதுவாக வாயைத் திறக்கும். உள்ளே அமுங்கியிருந்தது நீளப் பார்க்கிறது, வெளியே இழுபட்டிருந்தது சுருங்கப் பார்க்கிறது, அதனால் திறக்கிறது. இரண்டு புள்ளிக்கும் நடுவில் தூரம் எவ்வளவு கூடியது என்று அளந்து, எஃப்.இ. மாடலிலும் அதே வெட்டைப் போட்டு ஒப்பிடுங்கள். எங்கள் வளையம் கைனமாட்டிக் மாடல் சொன்னதை ஒட்டித் திறந்தது, ஐசோட்ரோபிக் மாடல் சொன்னதைவிடக் குறைவாக. வாடிக்கையாளரின் இன்ஜினியர் அதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு ரிப்போர்ட்டில் வேறு கேள்வி கேட்கவில்லை.

எக்ஸ்ரே முறை மேற்பரப்பில் மைக்ரான் கணக்கில்தான் பார்க்கும், துளையிடும் முறை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இரண்டும் உதவும், ஆனால் சுவர் முழுக்க என்ன நடக்கிறது என்று வேண்டுமென்றால் அறுத்தே ஆக வேண்டும்.

10. நாளும் பணமும்

எங்களுக்கு ஆன கணக்கு இது. ஃபோர்ஜிங் வருவது தனி, அதை விடுங்கள். இழுத்து அமுக்கும் சோதனைக்கு லேபில் வரிசை கிடைத்து முடிவு வர ஐந்து வாரம். கைக்கணக்கும் எஃப்.இ.யும் இரண்டு வாரம். அழுத்தும் ஏற்பாடு, சீல், மூடி, தண்டு எல்லாம் செய்ய மூன்று வாரம். அழுத்துவது அரை நாள். மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டர் தேதி கிடைக்க எப்போதும் பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள், தீபாவளி, பொங்கல் வாரங்களைத் தவிர்த்து. லேபுக்குத் துண்டு அனுப்பும் வேலையை முதலில் தொடங்கினால் மற்றவை அதற்குள்ளேயே முடிந்துவிடும், நாங்கள் அதைக் கடைசியில் தொடங்கினோம்.

பணத்தில் கண்ணை உறுத்துவது லேப் பில். மேலாளர் முதலில் அதைத்தான் வெட்டப் பார்ப்பார். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பம்ப்பை இரண்டாம் முறை வாடகைக்கு எடுத்தது, புது சீல், மறுபடி இன்ஸ்பெக்டர், தாமதத்துக்கான பிடித்தம், இவை எங்களுக்கு அந்த லேப் பில்லைப் போல ஆறு மடங்கு ஆனது.

ரிப்போர்ட்டில் ஹீட் நம்பர், பயன்படுத்திய உண்மையான யீல்டு, அதன் வளைவரை, எந்த விதி, எந்த ஹார்டனிங் மாடல், அழுத்தத்துக்கு எதிராக ஸ்ட்ரெய்ன் பதிவு, வளையம் திறந்த அளவு, மெஷினிங்கில் எடுத்த அளவு, எல்லாம் இருக்கட்டும். கலனின் பெயர்த் தகட்டுக்குப் பக்கத்தில் "ஆட்டோஃப்ரெட்டேஜ் செய்தது, சூடாக்கக் கூடாது" என்று இன்னொரு தகடு அடியுங்கள். இருபது வருஷம் கழித்து அதைப் பராமரிக்க வருபவர் கையில் உங்கள் ரிப்போர்ட் இருக்காது, அந்தத் தகடுதான் இருக்கும்.